சர்க்கரை நோயாளிக்கு எதை, எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிற ஒருவர், ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அவர் எதிரே உட்கார்ந்தால்கூட வருடத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஆகிறது. வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மீதி 8,759 மணி நேரமும் நோயாளி தன் வீட்டில் இருக்கிறார், வயலில் இருக்கிறார், பஸ்ஸில் இருக்கிறார். எத்தனை இட்லி, மாத்திரை போட்டாயிற்றா, கை நடுங்குகிறதே என்ன செய்வது, காலில் இந்தக் கொப்புளத்தை அப்படியே விடலாமா என்று ஒரு நாளைக்குப் பத்து முடிவாவது எடுக்கிறார். அந்த முடிவுகளைச் சரியாக எடுக்க அவரைத் தயார்படுத்துவதற்குப் பெயர்தான் சுயமேலாண்மைக் கல்வி. சர்க்கரை நோய் சிகிச்சையில் மருந்து ஒரு பாதி என்றால் இது மறுபாதி.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜோஸ்லின், இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1918-ல் நோயாளிகள் படிப்பதற்கென்று ஒரு கையேடு எழுதினார். 1921-ல் டொராண்டோவில் இன்சுலின் பிரிக்கப்பட்ட பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியது. காரணம் எளிது: தினமும் ஊசி போட வேண்டிய மருந்தை, தினமும் மருத்துவமனைக்கு வந்து போட்டுக்கொள்ள யாராலும் முடியாது. 1993-ல் வெளியான டிசிசிடி என்னும் பெரிய ஆய்வு, முதல் வகை சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத வகை) உள்ள 1,441 பேரைச் சுமார் ஆறரை ஆண்டு பின்தொடர்ந்தது. சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், ஆரம்பத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அந்தக் கட்டுப்பாட்டை அன்றாடம் நடத்தியவர்கள் நோயாளிகளே. தினமும் பலமுறை விரலில் குத்திப் பார்த்து, டோஸை மாற்றி, ஊசி போட்டுக்கொண்டார்கள். அதே ஆய்வில் கடுமையான லோ சுகர் அவர்களுக்கு மூன்று மடங்கு அதிகமாக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சர்க்கரையை இறக்கக் கற்றுக்கொடுக்கிறவர், அது அதிகம் இறங்கினால் என்ன செய்வது என்பதை முதலில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை வரும் வழியிலேயே அதைப் பயன்படுத்தும் அறிவும் வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், மருந்தாளுநர், வீடுதேடிப் போகும் சுகாதாரப் பணியாளர், வீட்டில் அப்பா அம்மாவைக் கவனிக்கும் பிள்ளைகள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

முதல் நாளில் எவ்வளவு சொல்லலாம்

'உங்களுக்குச் சுகர்' என்று கேட்ட அன்று, மனிதர் பாதிக் காதோடுதான் உட்கார்ந்திருப்பார். சிறுநீரகம், கண், நரம்பு, இதயம் என்று அன்றே எல்லாவற்றையும் கொட்டினால் பயம் மட்டும்தான் வீட்டுக்குப் போகும். முதல் சந்திப்புக்கு நான்கு விஷயம் போதும்: எந்த மருந்தை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை மணிக்கு; சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும், என்ன செய்வது; எந்த நிலையில் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்; சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது. மற்றவை இரண்டாவது, மூன்றாவது வாரம். அந்தச் சந்திப்புகளில் ஒன்றோ இரண்டோ விஷயத்துக்கு மேல் எடுத்தால், அடுத்த வாரம் கேட்கும்போது எதுவும் மிஞ்சியிருக்காது.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அறிய 'புரிந்ததா?' என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். 'அம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போய் உங்க பையன் கேட்டா, கை நடுங்கினா என்ன செய்யணும்னு எப்படிச் சொல்வீங்க?' என்று கேட்க வேண்டும். அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் சொல்லிக்கொடுத்த விதத்தில் குறை என்று எடுத்துக்கொண்டு, வேறு விதமாக மறுபடி சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். ஊசி, மீட்டர் போன்ற கைவேலைகளுக்குத் திருப்பிச் சொல்வது போதாது, திருப்பிச் செய்து காட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் நடக்கும் எந்த வகுப்பும், எத்தனை படம் போட்டு நடத்தினாலும், அரைகுறைதான்.

லோ சுகர்: இதில்தான் தொடங்க வேண்டும்

ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது லோ சுகர். 54-க்குக் கீழே போனால் ஆபத்து. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி முதலில் வரும். பிறகு கண் மங்கல், பேச்சுக் குளறல், காரணமில்லாத எரிச்சல், மயக்கம். நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நடுக்கமும் படபடப்பும் வராமலே நேராகக் குழப்பம் வரலாம். 'அப்பா இன்னைக்கு என்னவோ மாதிரி பேசறார்' என்று வீட்டில் தோன்றினால் முதலில் சுகரைப் பார்க்க வேண்டும்.

மருந்து 15 கிராம் குளுக்கோஸ். தட்டையாக மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு பிடி சோறோ சாப்பிட வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் அறிகுறியை நம்பிக் குடித்துவிடலாம். வீணாக ஏறும் கொஞ்சம் சர்க்கரையால் பெரிய கெடுதி இல்லை.

தவறுகள் எங்கே நடக்கின்றன? சாக்லேட், பால், முறுக்கு கொடுப்பது ஒன்று. கொழுப்பு இருப்பதால் அவற்றிலுள்ள சர்க்கரை ரத்தத்துக்கு வரத் தாமதமாகும். பயத்தில் லட்டு, வாழைப்பழம், ஒரு தட்டுச் சோறு என்று அள்ளிச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் 300-ஐத் தொடுவது இன்னொன்று. மூன்றாவது தவறு உயிருக்கே ஆபத்து: நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும், வாயில் எதுவும் கூடாது.

மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்களும் உண்டு. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. சர்க்கரையை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் வரும் லோ சுகர் ஏறிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் வீட்டில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவமனையில் காட்ட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் அரிது. அவரை இதைச் சொல்லி மிரட்டத் தேவையில்லை.

ஒவ்வொரு லோ சுகருக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடக் கற்றுக்கொடுப்பதே இந்தப் பாடத்தின் சாரம். சாப்பாடு தள்ளிப்போனது, அன்று மட்டும் நாற்று நட்டது, வெறும் வயிற்றில் மது, டோஸ் கூடிப்போனது. நம் வீடுகளில் அடிக்கடி தப்பிவிடும் காரணம் ஒன்று உண்டு: வீட்டுப் பெண் காலையில் ஊசி போட்டுவிட்டு, எல்லோருக்கும் பரிமாறி, பிள்ளைகளை அனுப்பி, கடைசியில் பத்து மணிக்கு உட்காருகிறார். 'நேரத்துக்குச் சாப்பிடுங்க' என்று அவரிடம் நூறு முறை சொல்வதைவிட, 'நீங்க சாப்பிட உட்காரும் நேரத்துக்கு அரை மணி முன்னாடி ஊசி போடுங்க' என்று சொல்வது நடக்கும். வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்: ஊசி போட்டவருக்குத்தான் முதல் தட்டு.

பாடம் முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி: 'இப்ப உங்க பையில குளுக்கோஸ் இருக்கா?' இல்லையென்றால் பாடம் முடியவில்லை.

ஊசியும் குப்பியும்

இன்சுலின் என்றதும் 'கடைசிக் கட்டமா?' என்று கேட்பார்கள். 'ஒருதரம் ஆரம்பிச்சா விடவே முடியாதாமே' என்பார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தால், குப்பி வீட்டுக்குப் போய்த் தூங்கும். இரண்டாம் வகை நோயில் கணையத்தின் இன்சுலின் சுரப்பு வருடங்கள் போகப் போகக் குறைகிறது, மாத்திரை வேலை செய்யச் சுரப்பு கொஞ்சமாவது வேண்டும், அது போதாதபோது குறைவதை வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்திலும் அறுவை சிகிச்சையின்போதும் சிலருக்குக் கொஞ்ச காலம் மட்டுமே கொடுத்து நிறுத்துவதையும் சொல்லலாம். முதல் வகைக்காரருக்கு மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது உணவைப் போல, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

அடுத்தது, உயிர்போகிற அளவுக்குத் தப்பு நடக்கக்கூடிய இடம். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சில இன்சுலின்கள் குப்பியிலேயே 100-ஆகவும் வருகின்றன. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். மருந்துக் கடையில் 'ஒரு சுகர் சிரிஞ்ச்' என்று கேட்டு வாங்குகிறவருக்கு இது தெரிய வழியில்லை. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்த இரண்டையும் அவர் கையில் கொடுத்து, அவரையே படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாதவர் என்றால் அவருடைய குப்பியையும் மூடி நிறத்தையும் வைத்துப் பழக்கி, வேறு நிறம் கொடுத்தால் வாங்காதீர்கள் என்று சொல்ல வேண்டும்.

பொதுவாகத் தரப்படும் 30/70 கலப்பு மனித இன்சுலின் கலங்கலாக இருக்கும். குலுக்கக் கூடாது, நுரைக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பால் போல ஒரே சீராக வராமல் அடியிலோ பக்கத்திலோ கட்டி ஒட்டியிருந்தால் அந்தக் குப்பியைப் போட்டுவிட வேண்டும். பிறகு எத்தனை யூனிட்டோ அத்தனை காற்றைச் சிரிஞ்சில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்தி, குப்பியைத் தலைகீழாக்கி மருந்தை இழுக்க வேண்டும். காற்றைச் செலுத்தாவிட்டால் நாளாக ஆக உள்ளே வெற்றிடம் உண்டாகி மருந்து இழுக்க வராது, குமிழி வரும். குமிழி இருந்தால் சிரிஞ்சைச் சுண்டி மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். குமிழி உடம்புக்குள் போனால் ஆபத்து இல்லை, ஆனால் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய மருந்து குறைந்துபோகும்.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, சிரிஞ்ச் என்றால் தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். 4 மில்லிமீட்டர் பேனா ஊசியைப் பெரும்பாலோர் தோலைத் தூக்காமலே நேராகக் குத்தலாம். பேனாவில் ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட் வைத்துக் காற்றில் அழுத்தி, நுனியில் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தைச் செலுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் மருந்து வெளியே வழியும்.

ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரப்பர் மாதிரி கொழுப்பு தடித்துப்போகும். அங்கே வலிக்காது என்பதால் நோயாளி அதையே தேடிக் குத்துவார். ஆனால் அங்கே போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஒரு நாள் 90, மறுநாள் 280 என்று காரணம் தெரியாமல் சுகர் ஆடுகிறவரின் வயிற்றைக் கையால் தடவிப் பார்க்காமல் டோஸை ஏற்றக் கூடாது. வயிற்றை நான்கு பாகமாக மனதில் பிரித்து, வாரம் ஒரு பாகம், ஒவ்வொரு குத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். தடிப்பிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸ் அதிகமாக வேலை செய்யும். மாறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

30/70-ஐச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அதிலுள்ள 70 பங்கு மெதுவாக வேலை செய்து, காலையில் போட்டது மதியச் சாப்பாட்டுக்கு முன்பும், இரவில் போட்டது நள்ளிரவுக்குப் பிறகும் உச்சத்துக்கு வரும். பதினொரு மணி நடுக்கமும், விடியற்காலை மூன்று மணி வியர்வையும் இதனால்தான்.

திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபிரீசரிலோ அதன் பக்கத்திலோ கூடாது, உறைந்துவிட்டால் பயனில்லை. திறந்த குப்பியை 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் நான்கு வாரம் வைத்திருக்கலாம். திறந்த தேதியைப் பேனாவால் குப்பியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறு பானை வைத்து, குப்பியை நீர்புகாத உறையில் கட்டி உள்ளே வைக்கலாம். நிழலில், காற்றோட்டமான மூலையில் வைத்து மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவந்தால், சித்திரை வெயிலிலும் உள்ளே பல டிகிரி குறைவாக இருக்கும். பைக் பெட்டியிலும், டிவி மேலும், ஜன்னல் ஓரத்திலும் வைப்பதே பெரும்பாலான மருந்து கெட்டுப்போகக் காரணம்.

சொல்லிக்கொடுத்தது நடக்கிறதா என்று அறிய ஒரு கணக்கு உண்டு. மில்லிக்கு 40 யூனிட் உள்ள 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கிறது. காலை 20, இரவு 10 போடுகிறவருக்கு அது 13 நாளில் தீர வேண்டும். மாதம் ஒரு குப்பி போதும் என்று அவர் சொன்னால், எங்கோ டோஸ் விடுபடுகிறது, அல்லது தப்பான சிரிஞ்ச். திட்டுவதற்கு இது காரணம் ஆகாது, விசாரிக்கத் தொடங்குவதற்குக் காரணம். ஊசியை இன்னொருவரோடு பகிரவே கூடாது. பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் சுகாதார நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

மீட்டர் சொல்வது என்ன

குளுக்கோமீட்டர் வாங்கிய பலர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து, எண்ணை டைரியில் எழுதி, டைரியை மூடிவிடுவார்கள். ஸ்ட்ரிப்புக்குக் காசு செலவாகிறது. அந்த எண்ணால் எந்த முடிவும் மாறவில்லையென்றால் அந்தக் காசு வீண். இதைவிடப் பயனுள்ள வழி, ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடுவதற்கு முன் ஒன்று, முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று ஜோடியாகப் பார்ப்பது. திங்கள் காலை இட்லி, புதன் காலை பொங்கல், வெள்ளி காலை கம்பங்கூழ். மூன்று ஜோடிக்கு ஆறு ஸ்ட்ரிப். எது தன் உடம்பில் எவ்வளவு ஏற்றுகிறது என்று அந்த ஆறு எண்ணும் சொல்லும். வேறு யார் சொல்லியும் நம்பாதவர், தன் விரல் சொன்னால் நம்புவார்.

பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். தள்ளாத வயதினருக்கும் அடிக்கடி லோ சுகர் வருகிறவருக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார், கர்ப்பிணிக்கு இறுக்குவார்.

பார்ப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் அறுத்த கையோடு பார்த்தால் இல்லாத சுகரெல்லாம் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூட வேண்டும், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெடும். மீட்டர் எண்ணும் லேப் எண்ணும் சரியாகப் பொருந்தாது. 100-க்கு மேற்பட்ட அளவில் 15 சதவீதம் வரை வித்தியாசத்தைத் தர விதிகளே அனுமதிக்கின்றன. 160-க்கும் 175-க்கும் நடுவே கவலைப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னால் நிறையப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எச்பிஏ1சி என்னும் ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். 7 என்றால் சராசரி 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. பலருக்கு இலக்கு 7-க்குக் கீழே. ரத்தசோகை உள்ளவருக்கு இந்த எண் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் உண்மையைவிட உயர்ந்து காட்டலாம். மீட்டரும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகவில்லையென்றால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

சாப்பாடு: பட்டியல் வேண்டாம், அளவு வேண்டும்

'சாப்பிடக் கூடாதவை' என்று அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்புவது எளிது. அதை வாங்கிப்போனவர் ஒரு வாரம் பட்டினி கிடந்து, எட்டாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். கற்க வேண்டியது மாவுச்சத்தின் அளவு. வேகவைத்த சோறு 150 கிராம், அதாவது ஒரு கப், சுமார் 40 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்று சுமார் 12 கிராம். 30 கிராம் மாவில் சுட்ட சப்பாத்தி சுமார் 20 கிராம். சோற்றை விட்டுவிட்டு மூன்று சப்பாத்தி சாப்பிடுகிறவர் ஒரு கப் சோற்றைவிட அதிகமாகவே எடுத்துக்கொள்கிறார். கேழ்வரகும் கம்பும் நல்லவைதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் குடித்தால் வேகமாக ஏறும், அளவில்லாமல் சாப்பிட்டால் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாமே ரத்தத்தில் சர்க்கரைதான். இதைச் சொல்லும்போது பலருக்கு மனம் வருத்தப்படும், இருந்தும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சமைக்கிற கரண்டியையும் சாப்பிடுகிற தட்டையும் கொண்டுவரச் சொல்லி, தராசில் ஒருமுறை நிறுத்துக் காட்டினால் போதும். 'என் கரண்டிக்கு ரெண்டு' என்று வாழ்நாளுக்கும் நிற்கும். தட்டில் பாதி பொரியல், கூட்டு, கீரை, கால்வாசி பருப்பு, மீன், முட்டை, சுண்டல், கால்வாசி சோறு. உருளைக்கிழங்குப் பொரியல் காய்ப் பக்கம் சேராது, சோற்றுப் பக்கம் சேரும். சமைக்கிறவர் வராமல் சாப்பாட்டு வகுப்பு நடத்துவது பெரும்பாலும் வீண்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வாரத்துக்கு 150 நிமிடம், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடக் கூடாது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய எண் குறைவதை மீட்டரில் பார்க்கலாம்.

கால்

காலில் வலி இல்லை என்பதுதான் இங்கே கெட்ட செய்தி. நரம்பு மரத்துப்போனவர், செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடப்பார், முள் ஏறியது தெரியாமல் நாலு நாள் இருப்பார். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெதுவாகத் தொடுங்கள், அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். எம்சிஆர் என்னும் மென்மையான ரப்பர் செருப்பு, பின்பட்டையோடு, மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து வாங்குவது நல்லது. கோயில் பிரகாரத்தில் மதிய வெயிலில் கல் சுடும்போது வெறுங்காலோடு சுற்றி வந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளமானவர்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகிறார்கள். சுவாமியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. காலையிலோ அந்தி சாய்ந்தோ போகச் சொல்லலாம். வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். கால் ஆணிக்குப் பிளேடும் வேண்டாம், கடையில் விற்கும் பட்டையும் வேண்டாம். தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ பேரப்பிள்ளையைக் கூப்பிட்டோ பார்க்க வேண்டும். எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் புண்ணாகும். கொப்புளம், நிறமாற்றம், கசிவு எதைக் கண்டாலும் அன்றோ மறுநாளோ காட்ட வேண்டும்.

காய்ச்சல், வாந்தி நாட்களில்

'சாப்பிடவே இல்லை, அதனால் இன்சுலின் போடவில்லை' என்பது காய்ச்சல் நாளில் நடக்கும் பெரிய தவறு. நோய்த்தொற்று சர்க்கரையைத் தானே ஏற்றும். நான்கு மணிக்கொருமுறை சுகர் பார்க்க வேண்டும், கஞ்சியோ மோரோ அடிக்கடி குடிக்க வேண்டும், டோஸைப் பற்றிப் போனில் கேட்க வேண்டும். முதல் வகைக்காரர் இன்சுலினை முழுதாக நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் ஏறி ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகும். மாறாக, வாந்தியும் பேதியும் சேர்ந்து உடம்பு வற்றும்போது மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரையையும் நிறுத்தி வைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். நிற்காத வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வயிற்றுவலி, அரைத்தூக்கம், இறங்காத 300 ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மருந்து டப்பாவின் மூடிக்குள் ஒட்டி அனுப்ப வேண்டும். காய்ச்சலோடு இருப்பவருக்கு வகுப்பு ஞாபகம் வராது.

திட்டினால் என்ன ஆகும்

டைரியில் 240 என்று பார்த்ததும் 'என்ன சாப்பிட்டீங்க?' என்று முகம் சுளித்தால், அடுத்த மாதம் எல்லா எண்ணும் 130 ஆகிவிடும். எச்பிஏ1சி மட்டும் 10 என்று வரும். பொய் எழுதியது நோயாளி, எழுத வைத்தது நாம். கல்யாண வீட்டில் சாப்பிட்டேன், மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆச்சு, ஊசி போடப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் இடமாக அந்த நாற்காலி இருக்க வேண்டும். 'இந்த 240 நமக்கு ஏதோ சொல்லுது, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு யோசிப்போமா?' என்று கேட்டால் காரணம் வெளியே வரும். சிலருக்கு எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், 'எதுக்கு இதெல்லாம்' என்ற சலிப்பு வந்துவிடும். பல வருடம் ஒரு நாள் விடாமல் சுமப்பவருக்கு அது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் மருத்துவம் உண்டு, அனுப்பி வைக்க வேண்டும்.

இலக்கை அவரே சொல்லட்டும், சின்னதாக இருக்கட்டும். 'இனி நல்லா நடப்பேன்' என்பதைப் பிடித்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. 'ராத்திரி சாப்பிட்டதும் மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்ட்டு வருவேன், வாரத்துல நாலு நாள்' என்பதைப் பிடித்துக்கொள்ளலாம். முடியுமா என்று பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் எனக் கேளுங்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் இலக்கைச் சின்னதாக்க வேண்டும்.

முழுக் கல்வியையும் மறுபடி தொட வேண்டிய நான்கு தருணங்கள் உண்டு: நோய் கண்டறியப்பட்டபோது, வருடத்துக்கு ஒருமுறை, புதிய பாதிப்பு வந்தபோது, வாழ்க்கை மாறும்போது. துணையை இழந்தவர், மகன் வீட்டுக்குக் குடிபோனவர், ஹாஸ்டலுக்குப் போகும் முதல் வகைப் பிள்ளை, ரமலான் நோன்பு வைக்க நினைப்பவர் என இந்த நான்காவதுதான் அடிக்கடி விடுபடுகிறது. நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வரச் சொல்லி டோஸையும் நேரத்தையும் மாற்ற வேண்டும், சுகர் 70-க்குக் கீழே போனால் நோன்பை உடனே திறக்க வேண்டும் என்பதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வருடாந்திரச் சந்திப்பில் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், கால் பரிசோதனை, ரத்த அழுத்தம் ஆகியவை ஆயிற்றா என்று நோயாளியே கேட்கப் பழக்கிவிட்டால், நாம் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார்.

இன்சுலின் தொடங்கியவருக்கு மூன்றாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். முதல் இரண்டு நாள் துணிச்சலில் போட்டுவிடுவார்கள், மூன்றாம் நாள்தான் சந்தேகம் வரும். நல்லா இருக்கீங்களா என்று கேட்டு முடித்துவிடாமல் நான்கு கேள்வி கேளுங்கள்: இன்று எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்தப் பக்கம் குத்தினீர்கள், சிரிஞ்சு மூடி என்ன நிறம்.